எங்கே மிண்டும் என்று கேட்ட அக்கா

புதிதாக எது கைக்கு வந்தாலும் அக்கா கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "இது எங்க மிண்டும்?"

மிண்டுவது என்றால் எங்கள் பக்கத்தில் பேசுவது. கம்ப்யூட்டர் போர்டு ஆனாலும் சரி, தண்ணீர் மோட்டார் ஆனாலும் சரி, அது என்ன செய்யும், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அவளுக்குப் பிறகுதான். கோளாறு வந்தால் அது எந்த வழியாகச் சொல்லும்? சொன்னால் கேட்க மறுமுனையில் ஆள் உண்டா? இந்த இரண்டும் தெரியாமல் எதையும் தொடமாட்டாள். மிண்டாத எந்த இயந்திரத்துக்கும் அவள் வைத்த பெயர் சவம்.

நாகர்கோவிலில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். காலை பத்து மணிக்கு ரொட்டி வேகும் வாசனை படியேறி வரும். எங்கள் முதலாளி தேங்காய்ப்பட்டணத்துக்காரர். வளைகுடாவில் இருபது வருஷம் கட்டிடங்களுக்கு அலாரம் மாட்டியவர், திரும்பி வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கினார். சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஊர்களில் எச்சரிக்கைச் சைரன் வைக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. கம்பத்தில் சைரன், அடியில் பூட்டிய இரும்புப் பெட்டி, பெட்டிக்குள் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர். நாகர்கோவிலில் இருந்து செய்தி போனால் அது சைரனை ஊத வைக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுப்பது அக்காவின் வேலையும் என் வேலையும்.

அக்கா கூடப்பிறந்தவள் இல்லை, கூட வேலை பார்த்தவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். குள்ளம். சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருப்பாள். சிரிப்பது அபூர்வம். சிரித்தால் உடனே ஏதோ தப்பு செய்துவிட்டவள் போலத் திரையைப் பார்த்துக்கொள்வாள். நான் மார்த்தாண்டத்தில் இருந்து பஸ்ஸில் வந்து போகிறவன். கெட்டிக்காரன் என்று எனக்கே என்னைப் பற்றி ஓர் எண்ணம் இருந்தது.

கெர்னலைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவளுக்கு வாய் ஓயாது. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டருக்குள் முதலில் விழிப்பது கெர்னல். இயங்குதளத்தின் உள்மையம் அது. விழித்த கணத்தில் அதற்கு ஒன்றுமே தெரியாது. மானிட்டர் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, எங்கோ ஒரு கம்பியின் முனையில் யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று தெரியாது. ஆகவே எதைச் செய்வதற்கும் முன்னால் தான் பேச ஓர் இடத்தைத் தேடும். அந்த இடத்துக்குத்தான் கன்சோல் என்று பெயர். பேச வாய்ப்புள்ள ஒவ்வொரு கருவியையும் இயக்கும் டிரைவர் புரோகிராமை வரிசையாகக் கேட்கும், நீ இருக்கிறாயா என்று. ஒவ்வொன்றும் தன் நிலையைச் சொல்லும். செத்தது, சாதாரணம், உள்ளே இருக்கிறேன், தூரத்தில் இருக்கிறேன் என்று ஏறுவரிசையில் நாலு நிலை. இதில் எது மேலே நிற்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்து, வேகம் முதலானவற்றைச் சரிப்படுத்தி, அதன் வழியாகப் பேசத் தொடங்கும்.

"தூரத்துல ஒருத்தன் கம்பியப் பிடிச்சுக்கிட்டு கேட்டுக்கிட்டு இருக்கான்னு நாம எழுதி வச்சா, அவனுக்குத்தான் முதல் இடம், கேட்டியா. பக்கத்துல பெரிய மானிட்டர் இருந்தாலும் அதுக்கு அடுத்த இடம்தான்" என்பாள் அக்கா.

முதலாளி ஒருநாள் இதைக் கேட்டுவிட்டு, "எனக்க வீட்டுலயும் அப்படித்தான் இருந்துச்சு. நான் தூரத்துல இருக்கும்போ சொன்னது அத்தனையும் நடந்துச்சு. இப்பம் பக்கத்துல இருந்து சொல்லுதேன், ஒரு மனுசன் கேக்கல்ல" என்றார். அக்கா அபூர்வமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பேச இடம் கிடைப்பதற்கு முன்பே கெர்னல் எங்காவது இடறி நின்றுபோனால், ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியவராது. திரை கறுப்பாக இருக்கும், அவ்வளவுதான். "சாவுல மோசமான சாவு இதாக்கும் மக்கா. மிண்டாம சாகுதது" என்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு போர்டு வேலை செய்யாததற்கு இத்தனை பெரிய வார்த்தையா என்று நினைப்பேன்.

அவள் ஒரு விதி வைத்திருந்தாள். கெர்னலைத் தானாகத் தேட விடக்கூடாது. தானாகத் தேடினால் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் போர்டில் கம்பி செருகும் சீரியல் போர்ட்டுகள் இரண்டு இருந்தன. முதலாவதில் இருந்து போகும் கம்பி சைரனுக்கு. இரண்டாவது, நாங்கள் லேப்டாப்பைச் செருகிக் கெர்னல் சொல்வதைக் கேட்க. இந்த இரண்டாவதில்தான் பேச வேண்டும் என்று அமைப்புக் கோப்பில் தன் கையால் ஒரு வரி எழுதுவாள். ஒரே ஒரு வரி. ஒவ்வொரு பெட்டியையும் மூடுவதற்கு முன்னால் அந்த வரியைத் திறந்து பார்த்து, பேனா முனையால் திரையைத் தொட்டுவிட்டுத்தான் மூடுவாள். அந்த இடத்தில் எங்கள் மானிட்டரில் ஒரு நீலப் புள்ளியே விழுந்திருந்தது.

ஆபீசுக்கு வெளியிலும் அக்கா இப்படித்தான். என் கல்யாணத்துக்கு மார்த்தாண்டம் வந்தாள். கவரைக் கொடுத்தாள், என் மனைவியின் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசினாள், பிறகு நேரே சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். சமையற்காரரிடம், "சோறு தீந்தா ஆருகிட்ட சொல்லுவிய?" என்று கேட்டிருக்கிறாள். அவர் என் மாமாவைக் காட்டினார். மாமா அப்போது மண்டபத்துக்குப் பின்னால் கூட்டாளிகளோடு வேறு ஓர் உலகத்தில் இருந்தார். அக்கா போய் என் மைத்துனனை இழுத்துவந்து, "இனி இவன்கிட்ட சொல்லுங்க" என்று அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள். மூன்றாம் பந்தியில் சோறு தீரத்தான் செய்தது. இலைக்கு முன்னால் இருந்த யாருக்கும் அது தெரியாமல் போனது.

அவளுடைய அம்மை கடற்கரை வீட்டில் இருந்தாள். பக்கத்து வீட்டில் அம்மையின் தங்கை, அக்காவுக்குச் சித்தி. சித்திக்கு ஒரு காலில் ஊனம். இரண்டு ஆண்மக்கள், இருவரும் கடலுக்குப் போகிறவர்கள். அக்கா வாரநாட்களில் நாகர்கோவிலில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்குவாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மை ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒரு அடி அடித்துவிட்டுக் கட் செய்தால் சுகம் என்று அர்த்தம். ஆறேகால் வரை வரவில்லை என்றால் அக்கா சித்தியின் வீட்டுக்கு அடிப்பாள். நான் அதைக் கேலி செய்வேன். "அம்மையையும் கன்சோலா ஆக்கியாச்சா அக்கா?" அவள் பதில் சொல்லமாட்டாள்.

ஏன் பதில் சொல்லவில்லை என்பது ஒருநாள் கரண்ட் போன மத்தியானத்தில்தான் தெரிந்தது. தானாகவே சொன்னாள், அதுவும் ஒரே ஒருமுறை. சுனாமி வந்த அன்று அவள் திருவனந்தபுரத்தில் வேலையில் இருந்தாள். அண்ணன் சென்னையில் துறைமுகத்தில். அங்கே தண்ணீர் ஏறியதும் அவன் ஊருக்குப் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை. அம்மையும் சித்தியும் பூசைக்கு மாதா கோயிலில். அப்பா கரையில் வலைக்குப் பக்கத்தில். ஆளில்லாத வீட்டுக்குள் போன் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறது. சென்னையில் ஏறிய கடல் எங்கள் பக்கம் வர நேரம் இருந்தது. அப்பாவை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள்.

"சேதி வந்தாச்சு மக்கா. வீடு வரை வந்தாச்சு. கேக்கதுக்குத்தான் ஆளில்ல" என்றாள். பிறகு இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு கரண்ட் வரும்வரை உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அந்த மிஸ்டு காலை நான் கேலி செய்யவில்லை.

இனி சொல்ல வேண்டியது என்னைப் பற்றியது. அக்காவைப் பற்றி எழுதுகிறேன் என்று தொடங்கிவிட்டு இதை விட்டுவிட முடியாது.

ஒரு சனிக்கிழமை அக்கா அம்மையைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போயிருந்தாள். ஆறு பெட்டிகள் திங்களன்று போக வேண்டும், அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள் என்று முதலாளி நெருக்கினார். லேப்டாப்பில் செருகும் சீரியல் கேபிள் வேலைத்தளத்துக்குப் போன ஆட்களிடம் மாட்டிக்கொண்டது. அது இல்லாமல் இரண்டாவது போர்ட்டில் கெர்னல் சொல்வதைக் கேட்க முடியாது. நான் போர்டில் ஒரு டிஸ்ப்ளே கார்டைச் செருகி மானிட்டரை இணைத்தேன். திரையில் ஒன்றும் வரவில்லை. வராதுதான், அக்காவின் வரி அதை வேறு வழியில் பேசச் சொல்லியிருந்தது. அந்த வரியை எடுத்தேன். கெர்னல் தானாகத் தேடியது, மானிட்டரைக் கண்டுபிடித்தது, வரி வரியாகத் திரையில் பேசியது. சோதித்தேன், எல்லாம் சரி. அமைப்புக் கோப்பு இருந்த மெமரி கார்டையே ஆறு பிரதி எடுத்து ஆறு பெட்டியிலும் போட்டு ஸ்க்ரூ முறுக்கி சீல் வைத்தேன்.

வரியைத் திரும்பப் போட மறந்துவிட்டேன் என்றுதான் பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. அது இல்லாமலே சரியாக நடக்கிறதே, அக்கா சும்மா பயப்படுகிறாள் என்று நினைத்தேன். திங்கள் காலையில் அவள் வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"வரி உண்டா?"

ஆறு பெட்டியையும் திரும்பத் திறக்க வேண்டும். வண்டி கீழே நின்றுகொண்டிருந்தது.

"உண்டு அக்கா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினாள். பெட்டிகள் இறங்கிப் போயின. ஒன்று அவளுடைய ஊருக்கு.

கடற்கரையில் பெட்டிக்குள் மானிட்டரோ டிஸ்ப்ளே கார்டோ கிடையாது. கெர்னல் கேட்கும்போது டிஸ்ப்ளே செத்தது என்று பதில் வரும். அடுத்து முதலாவது சீரியல் போர்ட், சாதாரணம் என்று சொல்லும். வேறு யாரும் மேலே இல்லாததால் அதையே பிடித்துக்கொள்ளும். அதன் மறுமுனையில் சைரன். சைரனின் கட்டுப்பாட்டுப் பெட்டி பட்டறையில் செய்தது. ஊது, நிறுத்து என்று இரண்டே கட்டளை தெரிந்த மடச் சாமான். கம்பியில் வருவது யார் சொல்வது என்றெல்லாம் பார்க்காது. கம்ப்யூட்டரும் சைரனும் ஒரே வேகத்தில் பேசும்படிதான் எல்லாப் பெட்டியும் வந்திருந்தது.

நாலு மாசம் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதலில் கம்ப்யூட்டரைப் போடுவார்கள். அது எழுந்து நின்ற பிறகுதான் சைரனுக்குக் கரண்ட் கொடுப்பார்கள். சும்மா ஊதி ஊர்க்காரர்களைப் பயமுறுத்திவிடக்கூடாது என்ற அக்கறை. ஆகவே கெர்னல் பேசி முடிக்கும்வரை சைரன் தூங்கிக்கொண்டிருந்தது. பிறகு வந்த மின்வெட்டுகளையெல்லாம் பெட்டியில் இருந்த பேட்டரி தாங்கிக்கொண்டது.

ஐந்தாம் மாசம் ஒரு வாரம் தினமும் பாதி நாள் கரண்ட் இல்லை. போதாததற்கு அக்காவின் ஊரில் டிரான்ஸ்பார்மர் எரிந்து இரண்டு நாள் இருட்டு. பேட்டரி சுத்தமாக வற்றிப்போனது. மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குக் கரண்ட் வந்தது. கம்ப்யூட்டரும் சைரனும் ஒன்றாக விழித்தன. கெர்னல் தன் வாயைத் தேடியது. சைரனைக் கண்டுபிடித்தது. தனக்கு எவ்வளவு நினைவகம், என்னென்ன கருவிகள் என்று வழக்கமாகச் சொல்லும் நூற்றுக்கணக்கான எழுத்துகளை அதனிடம் சொன்னது. சைரனுக்கு ஊது என்று பொருள்படும் எழுத்தும் அவற்றுள் இருந்தது. நிறுத்து என்று சொல்ல வேண்டிய எங்கள் புரோகிராம், கரண்ட் திடீரென்று போனதால் தொடங்கிய கார்டுப் பரிசோதனை முடியக் காத்து நின்றது. பதினொரு நிமிஷம் சைரன் ஊதியது.

சைரனை ஊரில் சங்கு என்பார்கள். அக்கா தன் அம்மைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். "சங்கு கேட்டா ஒண்ணையும் எடுக்காத. சித்தி கையப் பிடி. வடக்க ஓடு." அம்மை அப்படியே செய்தாள். அடுப்பில் மீன்குழம்பு கொதிக்க, கதவைச் சாத்தாமல், நொண்டும் தங்கையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்து வழியாக ஓடி மெயின் ரோட்டில் ஏறினாள். ஊரே ஓடிக்கொண்டிருந்தது. மீன் ஏற்றிக்கொண்டு வந்த டெம்போ சித்தியை அடித்தது. விழுந்தபோதும் கை அம்மையின் கையில்தான் இருந்ததாம்.

அன்று கடல் குளம் போலக் கிடந்தது.

நானும் அக்காவும் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது சைரன் நின்றிருந்தது. அவள் முதலில் பெட்டியைத் திறந்து மெமரி கார்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள்.

சித்தியை அடக்கம் செய்தாயிற்று. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. அக்கா ஃபாதரிடம் மைக்கைக் கேட்டு வாங்கினாள். "கடலு ஒண்ணும் செய்யல்ல. சங்கு தப்பா ஊதிச்சு. அந்த மெஷின் தானா செய்யல்ல, அதுக்கு மனுசன் காட்டின வழி தப்பு. பாக்க வேண்டியது நான். நான் பாக்கல்ல. என்ன செய்யணுமோ என்னைச் செய்யுங்க" என்றாள். ஒரு கிழவி மட்டும் மண்ணை அள்ளி எறிந்தாள். நான் முற்றத்துக்கு வெளியே பைக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போக இருபது அடிதான் இருந்தது.

அன்று அவளை வீட்டில் கொண்டுவிட்டதும் நான்தான். அம்மை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, நீ செய்யல்ல இத" என்றாள் அம்மை. "உனக்க கை எனக்குத் தெரியும். பூட்டின கதவ மூணு தடவை இழுத்துப் பாக்கவ நீ. ஆரு செய்தது?"

"நான்தான் அம்மை."

"பொய் சொல்லாத. ஆரையோ மறைக்கே. செத்தது எனக்க கூடப்பிறந்தவ. அந்தச் சங்கு ஏன் ஊதிச்சுண்ணு செய்தவன் வந்து எங்கிட்ட சொல்லட்டும். அதுவரை எங்கிட்ட மிண்டாத."

நான் முற்றத்தில் நின்றேன். அம்மையின் பார்வை என் மேல் ஒருமுறை பட்டு, கடந்து போனது. மார்த்தாண்டத்தில் என் மனைவி எட்டு மாசம். அதை நினைத்துக்கொண்டேன். பிறகு பைக்கை உதைத்துக் கிளப்பினேன்.

ஊர்க்காரர்கள் கம்பத்தை அறுத்துப் போட்டார்கள். மற்ற ஐந்து பெட்டிகளும் திரும்பி வந்தன. முதலாளி யார் செய்தது என்று கேட்டார். அக்கா, "நான் பாக்கணும், பாக்கல்ல" என்று அதையே சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை, கண்கலங்கித்தான் அவளைப் போகச் சொன்னார். போகும்போது மேஜை இழுப்பறையைச் சுத்தம் செய்து, பேனாக்களை எல்லாம் எனக்கு விட்டுவிட்டுப் போனாள். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அதே மாசம் எனக்கு மகள் பிறந்தாள்.

அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. கார்டு அவள் கையில் இருந்தது. ஆனால் தெரியாது என்று வைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அக்கா ஊருக்கே போய்விட்டாள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தாள். அம்மையோடு ஒரே கூரையின் கீழ் மூன்று வருஷம். அம்மை ஊரில் எல்லோரிடமும் பேசுவாள், கோழியிடம்கூடப் பேசுவாள், மகளிடம் பேசமாட்டாள். சோறு போட்டு வைப்பாள், தட்டைத் தள்ளி வைப்பாள். காய்ச்சல் வந்தால் இரவில் எழுந்து நெற்றியில் துணி நனைத்துப் போடுவாள், வாய் திறக்கமாட்டாள். அக்கா மட்டும் தினமும் பள்ளிக்கூடத்தில் நடந்ததை எல்லாம் அம்மைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லுவாளாம். இதெல்லாம் அவளே எனக்குப் போனில் சொன்னது.

வருஷத்தில் இரண்டு மூன்று முறை கூப்பிடுவாள்.

"மக்கா, குட்டி சுகமா இருக்கா?"

"சுகம் அக்கா."

"அம்மை இன்னும் மிண்டல்ல. பேரு வேணும்ணு நிக்கா. சும்மா சொன்னேன்."

சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். போனில் அவள் மூச்சு கேட்கும். பின்னால் கடல் கேட்கும். நான், "சரியாயிடும் அக்கா" என்பேன். "செரி" என்று வைத்துவிடுவாள். ஒருமுறைகூட அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குத் திருப்பிக் கத்தவாவது வசதியாக இருந்திருக்கும்.

சொல்லிவிடுவது என்று ஒருநாள் கிளம்பினேன். வடசேரியில் பஸ் ஏறி இராஜாக்கமங்கலத்தில் இறங்கினேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு சீப்பு ரசகதளிப் பழம் வாங்கினேன். பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது, இந்தப் பழத்தைக் கொடுத்துவிட்டு எப்படி அதைச் சொல்வது என்று தோன்றியது. அடுத்த பஸ்ஸில் நாகர்கோவில் திரும்பினேன். பழத்தை ஆபீசில் எல்லோரும் சாப்பிட்டார்கள். குழந்தை பிறக்கட்டும் என்று முதலில் ஒரு காரணம் வைத்திருந்தேன். பிறகு குழந்தை கொஞ்சம் வளரட்டும். அதன்பிறகு, இவ்வளவு காலம் கழித்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது. கோழைக்குக் காரணம் என்றைக்கும் தட்டுப்படாமல் போவதில்லை.

கடைசியாக ஒரு வியாழக்கிழமை கூப்பிட்டாள். "அம்மைக்கு முடியல்ல. டாக்டர் கைய விரிச்சாச்சு. நினைவு உண்டு. வரணும்ணா இண்ணைக்கு வா."

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அன்று ஆபீசில் வேலை இருந்தது. விடமுடியாத வேலை ஒன்றும் இல்லை. நாளைக்கு வருகிறேன் என்றேன். "செரி" என்றாள்.

நான் போனது சனிக்கிழமை. அடக்கம் முதல்நாளே முடிந்திருந்தது. முற்றத்தில் நீலத் தார்ப்பாய்ப் பந்தல் பிரிக்காமல் நின்றது. அக்கா உள்ளறையில் தரையில் உட்கார்ந்து அம்மையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. நான் வாசற்படியில் நின்றேன்.

"அக்கா, அன்னைக்கு நீங்க வரி உண்டாண்ணு கேட்டிய..."

"தெரியும்" என்றாள், தலையைத் தூக்காமல். "கார்டைப் பாத்த அன்னைக்கே தெரியும். சனிக்கிழமை மத்தியானம் மாத்தியிருக்கு. ஆபீசுல நீ மட்டும்தான்."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"உனக்குக் குட்டி பிறக்கப் போவுது. சித்தி மக்க ரெண்டுபேரும் அப்பம் வெட்டுக்கத்தியோட அலைஞ்சானுவ. நாலு நாளு கழியட்டும், நீயே வந்து சொல்லுவேண்ணு இருந்தேன்." ஒரு சேலையை மடித்து அடுக்கின் மேல் வைத்து நீவினாள். "பின்ன நான் சொன்னா, பழிய ஒருத்தன் தலையில தள்ளிவிட்டேண்ணுதான் அம்மைக்குப் படும். செய்தவன் வாயால கேக்கணும்ணு இருந்தா. நீ எந்த வரிய எடுத்தே, எந்தப் பெட்டிய மூடினேண்ணு அவளுக்கு அதொண்ணும் வேண்டாம். ஒரு மனுசன் முன்னால வந்து நிக்கணும், அம்புட்டுதான். வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா எட்டிப் பாப்பா. மூணு வருசம் பாத்தா. வியாழக்கிழமை கட்டில வாசலுக்கு நேரா திருப்பிப் போடச் சொல்லி கையக் காட்டினா."

"உங்ககிட்ட கடைசியா..."

"இல்ல. மிண்டல்ல."

எனக்கு அழுகை வந்தது. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. இருந்திருக்கலாம், நான்தான் பார்க்கத் தைரியம் இல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கிட்ட அழுது காரியமில்ல மக்கா. எங்கிட்ட சொல்லதுக்கும் ஒண்ணுமில்ல. வெளிய பந்தல்ல இருக்கானுவ ரெண்டு பேரும். செத்தது அவனுவளுக்க அம்மை. இண்ணைக்கு வரை ஆருண்ணு தெரியாது. போய்ச் சொல்லு. இப்பம் கத்தி ஒண்ணும் இல்ல, அவனுவளும் பிள்ளை குட்டிக்காரனுவ. சொல்லிட்டுப் போ."

வெளியே வந்தேன். சித்தியின் மக்கள் இருவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்தார்கள். மூத்தவன் தன் நாற்காலியைத் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டால் துடைத்து என் பக்கம் நகர்த்தினான்.

"இரிங்க சார். அக்காகூட வேலை பாத்தவரு தானே? அக்கா சொல்லும், அங்கன ஒருத்தன் தம்பி மாதிரி உண்டுண்ணு. இம்பிடு தூரம் வந்தியள."

இளையவன் உள்ளே போய் ஒரு கிளாஸ் பாலில்லாத கட்டன் சாயா கொண்டுவந்தான். இருவரும் எனக்கு எதிரே உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, நான் ஏதோ சொல்ல வந்திருக்கிறேன் என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார்கள். அக்கா வாசல்நடையில் வந்து நின்றாள். சாயா சூடாக இருந்தது. ஊதி ஊதிக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

"சாயா கொள்ளாம், நல்லா இருக்கு" என்று சொல்லி, கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.